உங்களுக்குத் தெரியுமா? 17 மணி நேரக் கணக்கு

நீச்சல்காரருக்குத் தெம்பு அதிகமா, ஓட்டக்காரருக்கா? 1977-ல் ஹவாயின் ஓவாஹு தீவில், ஒரு தொடரோட்டத்தின் பரிசளிப்பு விழாவில் கிளம்பிய வாய்ச்சண்டை இது. அமெரிக்கக் கடற்படை அதிகாரி ஜான் காலின்ஸ் நடுவில் புகுந்து, சைக்கிள்காரர்களை மறந்துவிட்டீர்களே என்றார். பெல்ஜியத்து சைக்கிள் வீரர் எட்டி மெர்க்ஸின் மூச்சுத்திறனுக்கு ஈடே இல்லை என்று எங்கோ படித்திருந்தார். பேச்சோடு விடாமல், அவரும் மனைவி ஜூடியும் சேர்ந்து அந்தத் தீவில் ஏற்கெனவே நடந்துவந்த மூன்று பந்தயங்களை ஒரே நாளில் கோத்துவிட்டார்கள்: வைக்கிக்கி கடல் நீச்சல், தீவைச் சுற்றும் சைக்கிள் பயணம், ஹொனலுலு மாரத்தான். சைக்கிள் தூரத்தில் மட்டும் 3 மைலைக் கத்தரித்தார்கள். முழுச் சுற்றும் சுற்றினால் மாரத்தான் தொடங்கும் இடம் தாண்டிப் போயிருக்கும். இன்று உலகம் முழுக்க வேதவாக்காக மதிக்கப்படும் 3.8 கி.மீ. நீச்சல், 180 கி.மீ. சைக்கிள், 42.2 கி.மீ. ஓட்டம் என்ற அளவுக்குப் பின்னால் விஞ்ஞானம் எதுவும் இல்லை. உள்ளூர் வசதிதான்.

✽

இந்த மூன்றும் சேர்ந்த முதல் 'அயர்ன்மேன்' போட்டி நடந்தது 1978 பிப்ரவரி 18. கிளம்பியவர்கள் 15 பேர், முடித்தவர்கள் 12 பேர். இவ்வளவு தூரத்தை ஒரே நாளில் முடிப்பது எப்படி என்று கேட்டுத் தெரிந்துகொள்ள ஒரு ஆள் கிடையாது, அத்தனை பேருக்கும் அது முதல் முறை. வழியில் தண்ணீர்ப் பந்தல் எதுவும் இல்லை. துணைக்கு வரும் ஆட்களையும் சாப்பாட்டையும் அவரவரே ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். மாரத்தானில் முன்னணியில் போன ஜான் டன்பாரின் துணைக்குழுவிடம் தண்ணீர் தீர்ந்தது. கையிலிருந்த பீரை நீட்டினார்கள். அவரும் குடித்தார். முடிவை ஊகிப்பது கஷ்டமில்லை: கார்டன் ஹாலர் அவரை முந்தி 11 மணி 46 நிமிடம் 58 விநாடியில் வென்றார்.

பட்டியலில் கடைசியாக வந்தவருக்கு 21 மணி நேரம் ஆனது. போட்டியைத் தொடங்கி வைத்த காலின்ஸும் ஓடினார். ஒன்பதாவதாக வந்த அவரது நேரம் 17 மணி 00 நிமிடம் 38 விநாடி. பிற்பாடு இந்தப் போட்டிக்கு 17 மணி நேரக் கெடு வந்தது. அந்தக் கெடுவை வைத்துப் பார்த்தால், அயர்ன்மேன் என்ற பெயரையே வைத்த மனிதர் 38 விநாடியில் அந்தப் பட்டத்தைக் கோட்டை விட்டிருப்பார்!

✽

நீச்சல் ஏன் முதலில்? களைத்த காலோடு ஓடினால் நடந்து சமாளிக்கலாம், சைக்கிளை ஓரங்கட்டி உட்காரலாம். களைத்த உடம்போடு நடுக்கடலில் எங்கே உட்காருவது? ஆபத்தான வேலையை உடம்பில் தெம்பு இருக்கும்போதே முடித்துவிடுகிறார்கள்.

✽

3.8 கி.மீ. என்றால் 50 மீட்டர் நீச்சல் குளத்தை 76 தடவை ஒரு கரையிலிருந்து மறுகரைக்குக் கடக்க வேண்டும். குளத்தில் பழகியவர் முதன்முதலாகக் கடலில் இறங்கும்போது தேடுவது இரண்டு பொருள்: தரையில் வரைந்த கறுப்புக் கோடு, பிடித்துக்கொள்ளச் சுவர். இரண்டும் இல்லை. பத்துப் பதினைந்து கை வீச்சுக்கு ஒரு முறை தலையைத் தூக்கி, தூரத்தில் ஆடும் மிதவையைப் பார்த்துத் திசையைச் சரிசெய்ய வேண்டும். எல்லோரையும் ஒன்றாக இறக்கிவிடும் பழைய தொடக்கத்துக்கு வீரர்கள் வைத்த செல்லப்பெயர் 'வாஷிங் மெஷின்'. பக்கத்து ஆளின் குதிகால் நம் கண்ணாடியைத் தட்டிவிடும். நம் கை யாருடைய முதுகிலாவது விழும். இப்போது பல இடங்களில் வரிசையாக, சிலர் சிலராக அனுப்புகிறார்கள். புதியவர்களுக்கு அது பெரிய நிம்மதி.

✽

நீரிலிருந்து சைக்கிளுக்கும், சைக்கிளிலிருந்து ஓட்டத்துக்கும் மாறும் இடத்துக்கு 'டிரான்சிஷன்' என்று பெயர். இதை நான்காவது விளையாட்டு என்றே சொல்வார்கள். கடிகாரம் அங்கேயும் நிற்காது. ஈரக்காலில் காலுறை ஏறுவேனா என்கும். குளிரில் மரத்த விரலுக்கு ஹெல்மெட் வார் அகப்படாது. தாங்கியிலிருந்து சைக்கிளை எடுக்கும் முன் அந்த வார் பூட்டியிருக்க வேண்டும் என்பது விதி. அவசரத்தில் மறந்து தண்டனை வாங்குகிறவர்கள் உண்டு. முதல் முறை வருபவர்கள் முந்தின நாள் ஓட்டல் அறையில் பைகளைக் கொட்டி, பொருள்களை அடுக்கி, மறுபடி கொட்டி அடுக்குவார்கள். கல்யாண வீட்டில் சீர்வரிசையைச் சரிபார்ப்பது மாதிரிதான்.

✽

பக்கத்தில் ஓடி வரும் மனைவி பாசத்தோடு நீட்டும் தண்ணீர் பாட்டிலை வாங்கினால் குற்றம். வெளியாள் உதவிக்கு இடமில்லை. போட்டி நடத்துபவர்கள் வைத்திருக்கும் பந்தலில்தான் வாங்க வேண்டும். காதில் பாட்டு கேட்கவும் கூடாது. முன்னால் போகும் சைக்கிளின் முதுகில் ஒட்டிக்கொண்டு காற்றை ஏய்ப்பதும் தடை. விதியைப் பொறுத்துக் குறைந்தது 10 அல்லது 12 மீட்டர் தள்ளி வர வேண்டும். மீறினால் தண்டனைக் கூடாரத்தில் சில நிமிடம் சும்மா நிற்க வைப்பார்கள். 1978-ல் பீர் கொடுத்தவர்கள் இன்றைய விதிப் புத்தகத்தைப் பார்த்தால் சிரிப்பார்கள்.

✽

பல போட்டிகளில் கெண்டைக்காலில் வயதை எழுதிவிடும் வழக்கம் இருந்தது. உங்களைத் தாண்டிப் போகிறவரின் காலில் 67 என்று இருந்தால், மீதித் தூரம் முழுக்க அதையே நினைத்துக்கொண்டு மிதிக்க வேண்டியதுதான்.

✽

தசையிலும் ஈரலிலும் நாம் சேமித்து வைக்கும் மாவுச்சத்து ஏறத்தாழ 2,000 கலோரி. இந்தப் போட்டி கேட்பது அதைப்போலப் பல மடங்கு. ஆகவே சைக்கிள் மிதிக்கும் 6, 7 மணி நேரமும் சாப்பிட்டுக்கொண்டே இருக்க வேண்டும். மணிக்கு 60 முதல் 90 கிராம் வரை மாவுச்சத்து என்பது பொதுக்கணக்கு. ஒரு நடுத்தர வாழைப்பழத்தில் சுமார் 25 கிராம் என்றால், மணிக்கு மூன்று பழம்! அதனால்தான் ஜெல், சர்க்கரைத் தண்ணீர், பேரீச்சம்பழம், உப்புத் தூவிய அவித்த உருளைக்கிழங்கு என்று மாற்றி மாற்றி உள்ளே தள்ளுகிறார்கள். காலுக்கு மட்டும் பயிற்சி கொடுத்து வயிற்றுக்குக் கொடுக்காதவர்கள் மாரத்தானில் சாலையோரம் குனிந்து நிற்பதைப் பார்க்கலாம். போட்டி அன்று புதிதாக எதையும் தின்று பார்க்காதே என்பது மூத்தவர்கள் புதியவர்களுக்குச் சொல்லும் முதல் பாடம்.

இதில் எல்லோரும் தப்பாக நினைக்கும் சங்கதி ஒன்று உண்டு. தண்ணீர் குறைந்தால்தான் ஆபத்து என்பதில்லை. வியர்வையில் போவதைவிட அதிகமாகக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகும். குமட்டல், குழப்பம், தலைவலி வரும். முற்றினால் மூளை வீங்கி உயிருக்கே ஆபத்து. மருத்துவக் கூடாரத்துக்கு வரும் நோயாளியின் எடை போட்டிக்கு முந்தைய எடையைவிடக் கூடியிருந்தால் மருத்துவர்கள் இதைத்தான் முதலில் சந்தேகிப்பார்கள். நிதானமாகப் போகிறவர்களுக்கே இது அதிகம் வருகிறது. ஒவ்வொரு பந்தலிலும் நின்று குடிக்க அவர்களுக்குத்தானே நேரம் இருக்கிறது?

✽

சைக்கிளை விட்டிறங்கி ஓடும் முதல் நிமிடங்களில் கால் தன்னுடையதாகவே இருக்காது, செங்கல் கட்டியது போலிருக்கும். அதனால்தானோ என்னவோ, சைக்கிளும் ஓட்டமும் அடுத்தடுத்துச் செய்யும் பயிற்சிக்கு 'பிரிக்' என்று பெயர் ஒட்டிக்கொண்டது.

✽

1982 பிப்ரவரி. ஜூலி மாஸ் என்ற கல்லூரி மாணவி, உடற்பயிற்சி இயல் ஆய்வேட்டுக்காக ஹவாய்ப் போட்டியில் சேர்ந்தார். அவருக்கு இது முதல் அயர்ன்மேன். யாரும் எதிர்பாராமல் பெண்களில் முதலாவதாகவே வந்துகொண்டிருந்தார். எல்லைக்கோடு கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் கால் மடங்கியது. எழுந்தார், விழுந்தார், மறுபடி எழுந்தார், விழுந்தார். கடைசி மீட்டர்களில் கேத்லீன் மெக்கார்ட்னி தாண்டிப் போய் வென்றுவிட்டார். மாஸ் கையையும் முழங்காலையும் ஊன்றித் தவழ்ந்து கோட்டைத் தொட்டார். வித்தியாசம் 29 விநாடி. ஏபிசி தொலைக்காட்சியில் அதைப் பார்த்த எத்தனையோ பேர் மறுவருடமே பயிற்சியில் இறங்கினார்கள். வென்றவரின் பெயரைவிடத் தவழ்ந்தவரின் பெயரே நிலைத்தது. மெக்கார்ட்னிக்கு இது கொஞ்சம் அநியாயம்தான்.

✽

2020 நவம்பர் 7, புளோரிடா. 21 வயது கிறிஸ் நிக்கிக் டவுன் சிண்ட்ரோமுடன் பிறந்தவர். துணைவர் ஒருவரோடு கயிற்றால் இணைந்து நீந்தினார். சைக்கிளில் போகும்போது சாப்பிட நிறுத்திய இடம் எறும்புப் புற்று. கால் முழுக்கக் கடி. அப்புறம் ஒரு முறை சைக்கிளிலிருந்தும் விழுந்தார். இருட்டிய பிறகு மாரத்தான். 16 மணி 46 நிமிடம் 9 விநாடி. டவுன் சிண்ட்ரோம் உள்ள ஒருவர் முழு அயர்ன்மேனை முடித்தது அதுவே முதல் தடவை. தினம் ஒரு சதவீதம் முன்னேறினால் போதும் என்பது அவர் வீட்டுக் கணக்கு. கெடுவுக்குக் கைவசம் மிஞ்சியது 14 நிமிடம்கூட இல்லை.

✽

இந்திய ரசிகர்களுக்கு அயர்ன்மேன் என்ற பெயர் பரவலாகத் தெரிய வந்தது, நடிகரும் முன்னாள் நீச்சல் வீரருமான மிலிந்த் சோமன் 2015-ல் சூரிச்சில் முழுத் தூரத்தையும் முடித்தபோது. அப்போது அவருக்கு 49 வயது. பாதித் தூரப் போட்டி 2019-ல் கோவாவுக்கே வந்தது. அதன் பெயரிலுள்ள 70.3, மொத்தத் தூரத்தை மைலில் சொல்வது.

✽

இந்தப் போட்டி பின்னாளில் இடம் மாறிய ஹவாயின் கோனா நகரில், நள்ளிரவு நெருங்கும்போதுதான் எல்லைக்கோட்டில் கூட்டம் கூடும். பிற்பகலிலேயே வென்று, குளித்துத் தூங்கப் போயிருக்கக்கூடிய சாம்பியன்கள் திரும்பி வந்து, கடைசியில் வருகிறவர்களை வரவேற்பது அங்கே ஒரு வழக்கம். 2015-ல் அப்படியொரு இரவில் ஜப்பானின் ஹிரோமு இனாடா வந்துகொண்டிருந்தார். வயது 82. நோயுற்ற மனைவியைப் பார்த்துக்கொள்ள 60 வயதில் வேலையிலிருந்து ஓய்வு பெற்று, அப்புறம் நீச்சல் கற்றவர்; நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த பந்தயமான டிரையத்லானில் முதன்முதலாக இறங்கியது 70 வயதில். கோட்டுக்கு முன்னால் தடுமாறி விழுந்தார். எழுந்து வந்து சேர்ந்தபோது கெடு முடிந்து 5 விநாடி ஆகியிருந்தது. முடித்தவர்கள் பட்டியலில் பெயர் இல்லை.

மறுவருடம் அதே சாலையில் திரும்ப வந்தார். இந்த முறை கெடுவுக்குள் முடித்தார். 2018-ல், 85 வயதில், இன்னொரு முறையும்.