கேபிளை விட்டு வானுக்கு

நியூ டவுனுக்குப் புதிதாகக் குடிவரும் தமிழ் அன்பர்கள் நம்மிடம் முதலாவதாகக் கேட்பது பிள்ளைகளின் பள்ளியைப் பற்றி. அடுத்ததாக, வீட்டில் தமிழ்ச் சானல் வருவதற்கு வழி யாது என்று. கணவனும் மனைவியும் அலுவலகம் சென்றபின், ஊரிலிருந்து வந்த தாயாரோ மாமியாரோ பத்தாம் மாடியில் தனித்திருக்கும் இல்லங்கள் இங்குப் பல. அண்டை வீட்டார் மொழி வங்காளம். அம்மையார் அறிந்ததோ தமிழ் ஒன்றே. அவ்வீட்டிலே தொலைக்காட்சிதான் பேச்சுத் துணை. ஆதலின் இதனை அற்ப விஷயமென்று நாம் ஒதுக்குவதற்கில்லை.

முன்னாளில் கேபிள் கம்பி ஏறக்குறைய நூறு சானல்களுக்குமேல் தாங்காது. பத்துத் தமிழ் வீடுகளுக்காக ஒரு சானலைச் சேர்க்கும்படி கேபிள்காரரைக் கேட்பதும் நியாயமன்று. கொல்கத்தா உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் கேபிளை டிஜிட்டலாக மாற்ற 2012 அக்டோபர் 31 கெடுவாக விதிக்கப்பட்ட பிறகு அந்த இடநெருக்கடி குறைந்தது. 2019 பிப்ரவரி 1 முதல் நடப்புக்கு வந்த டிராய் விதிப்படி, வேண்டும் சானலைத் தனியே தெரிந்தெடுக்கலாம். அதன் உச்ச விலையை அறிவிப்பவர் சானல்காரரே. அவ்விலை கேபிளுக்கும் டிஷ்ஷுக்கும் பொது. ஆகவே பணத்தை மட்டும் கருதி மாறுவோர் பெரும் லாபம் காணார். நம் கேபிள்காரரின் பட்டியலில் நாம் வேண்டும் சானல் உண்டா என்பதே கேள்வி. எம் இல்லத்தில் இல்லை, மாறினோம்.

மாறுவோர் முதலில் திசையைப் பார்க்க வேண்டும். செயற்கைக்கோள் நிலநடுக்கோட்டின்மேல் ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கிறது. மாதக் கட்டணமில்லாத டிடி ஃப்ரீ டிஷ் வரும் கோள் 93.5 பாகைக் கிழக்கில் உள்ளது. சென்னையில் அதற்காக டிஷ்ஷைத் தென்கிழக்கே திருப்புவர்; கொல்கத்தாவிலோ ஏறக்குறைய நேர் தெற்கே, சற்றே கிழக்குச் சாய்வாக. ஊரிலிருந்து டிஷ்ஷைக் கையோடு கொணர்ந்து, அங்கிருந்த வாக்கிலேயே மாட்டிவிட்டு, பழுதென்று வருந்திய அன்பர் ஒருவரை நாம் அறிவோம்! வடக்கு நோக்கிய பால்கனி மட்டுமே உடையோர்க்கு மொட்டை மாடியே கதி. அதற்குக் குடியிருப்போர் சங்கத்தின் இசைவு வேண்டும். கம்பி நீள நீள அலையும் நலியும். எம் வீட்டிற்கு வந்த பணியாளர் முதல் நாள் வடபுறப் பால்கனியில் ஆணியடித்துவிட்டு, பின்னரே வானத்தை அண்ணாந்து பார்த்தார். ஆணித் துளை இன்றும் இருக்கிறது.

தென்புறப் பால்கனியிலும் ஒரு நுட்பம் உண்டு. இங்கிருந்து அக்கோள் தொடுவானுக்கு மேல் சுமார் 63 பாகை உயரத்தில் இருப்பதால், டிஷ்ஷைக் கூரையை ஒட்டி மாட்டினால் மேல்மாடித் தளம் மறைத்துவிடும். கைப்பிடிச் சுவரருகே தாழ அமைத்தல் தகும். பழைய கேபிள் பெட்டி டிஷ்ஷுக்கு உதவாது; அதைத் திருப்பிக் கொடுத்து ரசீது பெறுக.

மழையைப் பற்றியும் சொல்ல வேண்டும். கால்பைசாகிப் புயலிலும் ஆடி மாதப் பெருமழையிலும் நீர்த்துளிகள் அலையை விழுங்க, சிறிது நேரம் படம் மறையும். கேபிளுக்கு வேறு ஆபத்து. 2020 மே 20 அன்று ஆம்பன் புயல் வீசியபோது மரங்களோடு கம்பிகளும் வீழ்ந்து, நகரின் பல பகுதிகளில் மின்சாரமும் கேபிளும் நாட்கணக்கில் இல்லை. இணையமே போதுமென்பர் இளைஞர். முதியோர் கைக்கு நான்கு பொத்தான்களே எளிது.

எம் தாயார் தமிழ்ச் செய்தி கேட்டு மகிழ்ந்தார். ஆயின் நாம் ஒன்றை மறந்தோம். எதிர்வீட்டு அம்மையார் மாலைதோறும் பொரிக் கிண்ணத்துடன் வந்து, எம் தாயாருடன் அமர்ந்து வங்காளத் தொடர் பார்ப்பது வழக்கம். பாதி சைகையும் பாதிச் சிரிப்புமாக இருவரும் கதை பேசுவர். புதிய பட்டியலில் அந்தச் சானல் இல்லை. இரண்டு நாள் வந்து பார்த்தார். மூன்றாம் நாள் வரவில்லை. ஐந்தாம் நாள் தாயார், "அவங்க சானலையும் போடச் சொல்லுப்பா" என்றார். அன்றிரவே சேர்த்தோம். தாயாரே எதிர்வீட்டுக் கதவைத் தட்டி அழைத்து வந்தார்.