பெயர் சொல்லாத பெண்கள்
சுதந்திர இந்தியாவின் முதல் பொதுத்தேர்தல் 1951-52இல் நடந்தது. அதற்காக வாக்காளர் பட்டியல் எடுக்க வந்தவர்களிடம் வட மாநிலப் பெண்கள் பலர் தங்கள் பெயரைச் சொல்லவில்லை. 'இன்னார் மனைவி', 'இன்னார் மகள்' என்றே பதிவானது. தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் அதை ஏற்கவில்லை. ஏறத்தாழ 28 லட்சம் பெண்கள் பட்டியலுக்கு வெளியே நின்றார்கள். கண்டிப்புதான், ஆனால் நியாயமான கண்டிப்பு.

இன்றும் வாக்காளர் அட்டை கையிலிருந்தாலும் பட்டியலில் பெயர் இல்லாவிட்டால் ஓட்டுப் போட முடியாது. புதிதாகச் சேர படிவம் 6, வீடு மாறினால் படிவம் 8. ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் மாதங்களின் முதல் தேதிகள் வயதைக் கணக்கிடும் தகுதி நாட்கள். 17 வயது முடிந்தவர்களும் முன்கூட்டியே விண்ணப்பிக்கலாம். சந்தேகமிருந்தால் 1950 என்ற எண்ணுக்குப் பேசுங்கள்.