கடைதலும் குடைதலும்: ஒரு சிறு பொறி பிறக்கும் முறை

மோரைக் கடைகிறோம், கீரையைக் கடைகிறோம், கட்டிற்காலைக் கடைகிறோம், பித்தளைத் தண்டையும் கடைகிறோம். முன்னிரண்டும் அடுக்களைத் தொழில், பின்னிரண்டும் பட்டறைத் தொழில். இவற்றுக்கு ஒரே வினைச்சொல் அமைந்தது தற்செயல் அன்று. மத்தில் கயிற்றைச் சுற்றி அதன் இரு முனைகளையும் மாறி மாறி இழுத்தால், மத்து வலமும் இடமுமாகச் சுழல்கிறது. பழைய கடைசற்காரர் செய்ததும் இதுவே. மரத்துண்டை இரு முளைகளுக்கு நடுவே நிறுத்தி, அதில் சுற்றிய வாரை உதவியாள் இழுக்க, அவர் உளியைக் காட்டினார். மரம் தம்மை நோக்கிச் சுழலும்போது வெட்டுவார். எதிர்ப்புறம் சுழலும்போது உளியைச் சற்று விலக்கிக்கொள்வார். அம்பாசமுத்திரத்துச் சொப்புச் சாமான்கள் இக்கடைசல் மரபில் வந்தவையே. மலையாளத்தின் ‘கடயுக’, கன்னடத்தின் ‘கடெ’ ஆகியனவும் இவ்வினையின் உறவுகள். கட்டையோடு கட்டையைக் கடைந்து தீ உண்டாக்கிய காலத்தின் சுவடும் இச்சொற்களில் உண்டு. (மலாயில் வழங்கும் ‘கெடாய்’ தமிழ்க் ‘கடை’யிலிருந்து சென்றதாயினும், அது அங்காடியைக் குறிக்கும் வேறு கடை, மாணவர்கள் இரண்டையும் குழப்பிக்கொள்ளலாகாது.)

வீட்டுப் பட்டறையில் சிறு பொறி செய்யும் முறையை விளக்குவதே இவ்வுரையின் நோக்கம். மொழியியலாருக்கு அங்கே என்ன வேலை என்று கேட்கலாம். ஒரு மொழியால் ஒரு தொழிலை முழுமையாகச் சொல்ல முடிகிறதா என்பதைச் சொற்பட்டியலைப் பார்த்து அறிய இயலாது. தொழிலைத் தொடக்கம் முதல் இறுதிவரை அம்மொழியில் சொல்லிப் பார்த்தே அறியலாம்.

சிறிய நீராவிப் பொறிகளையும் இரயில் பொறிகளையும் தம் கையாலேயே செய்து ஓட்டுவோர் உலகெங்கும் உள்ளனர். இவர்களுக்கெனப் பெர்சிவல் மார்ஷல் 1898இல் இலண்டனில் தொடங்கிய ‘மாடல் என்ஜினியர்’ என்னும் இதழ் நூறாண்டுகளைக் கடந்து வந்தது. தமிழகத்தில் இந்த ஈடுபாடு பொழுதுபோக்காக நில்லாமல் தொழிலாகவே வளர்ந்த ஊர் கோயம்புத்தூர். ஒரு மோட்டார் சைக்கிளை விலைக்கு வாங்கி, அதைப் பிரித்து மீண்டும் பூட்டிப் பார்த்தே பொறியின் இயல்பை அறிந்தவர் என்று சொல்லப்படும் ஜி. டி. நாயுடு, 1937இல் பாலசுந்தரம் நாயுடுவுடன் இணைந்து மின்மோட்டார் செய்தார். 1926இல் தொடங்கிய பூ.சா.கோ. அறநிலையத்தின் தொழிற்கூடத்தில் கடைசல் பொறிகளே உருவாயின.

முதன்முதலாகச் செய்வோர்க்கு ஏற்றது ஆடும் உருளைப் பொறி. இதில் தனிக் கவாடம் இல்லை. உருளை ஒரு முளையில் பொருந்தி ஊஞ்சல்போல் ஆடும். உருளையின் தட்டையான முகத்தில் ஒரு துளை. அது உரசி நிற்கும் நிலைத்தகட்டில் இரண்டு துளைகள். ஒரு புறம் சாயும்போது உருளையின் துளை நீராவி வரும் துளையோடு சேர்கிறது. மறுபுறம் சாயும்போது வெளியேறும் துளையோடு சேர்கிறது. நடுவில் நிற்கும்போது இரண்டும் மூடப்படும். ஆட்டமே கவாடத்தின் வேலையைச் செய்துவிடுகிறது.

உருளையிலிருந்து தொடங்குவோம். பித்தளைக் கட்டையைக் கடைசல் பொறியின் கவ்வியில் இறுக்க வேண்டும். பட்டறைகளில் இதைச் ‘சக்கு’ என்பர். நான்கு தாடைகளும் தனித்தனியே நகரும் கவ்வியே இங்கு வேண்டும். கட்டையின் முகத்தைச் சமன்செய்து, நடுவில் சிறு குழி இட்டு, 9 மி.மீ. அலகால் துளைக்க வேண்டும். புதியவர் பலரும் 10 மி.மீ. அலகால் ஒரே முறையில் துளைத்துவிட எண்ணுவர். அது பிழை. துளைக்கும் அலகு தனக்கு எளிதான வழியில் போகும். உள்ளே சென்றபின் சற்றே விலகும். அந்த விலகலைத் திருத்துவது குடைதல். ஒற்றைமுனைக் கருவியைத் துளைக்குள் செலுத்தி, சுழலும் கட்டையின் உட்சுவரை மெல்லச் சீவி 9.8 மி.மீ. அளவுக்குக் கொண்டுவர வேண்டும். இங்கே துளையின் போக்கைத் தீர்மானிப்பது கடைசல் பொறியின் அச்சு. அதன்பின் ரீமர் என்னும் பல்வரிக் கருவியை மெதுவாகச் செலுத்தினால் துளை 10 மி.மீ. ஆகும். ரீமர் அளவைத் தருமேயன்றி நேர்மையைத் தராது. கோணலான துளையில் செலுத்தினால் கோணலாகவே செல்லும். ஆகவே வரிசை துளைத்தல், குடைதல், ரீமர் என்பதே. இவை முடியும்வரை கவ்வியைத் தளர்த்தலாகாது. கழற்றி மீண்டும் பூட்டிய பொருள் பழைய அச்சில் அமர்வது அரிது.

புறத்தே கடைதல், அகத்தே குடைதல் என ஒரே எழுத்து மாறிய இரு வினைகள் இப்பணியில் அடுத்தடுத்து நிற்பதை மாணவர்களுக்குச் சுட்டிக்காட்டுவது நன்று.

உந்துதண்டை உருளைக்குப் பின்னரே கடைய வேண்டும். உள்விட்டத்தை நுட்பமாக அளப்பது கடினம். வெளிவிட்டத்தை அளப்பது எளிது. எனவே, முடிந்த துளைக்குப் பொருந்துமாறு தண்டைக் கடைவதே முறை. இரண்டுக்கும் இடையே 0.02 மி.மீ. அளவில் இடைவெளி போதும். எழுதும் தாளின் தடிமன் ஏறத்தாழ 0.1 மி.மீ. என்பதை நினைத்தால் இந்நுட்பம் விளங்கும். திருகு அளவி 0.01 மி.மீ. வரை காட்டும். ஆயினும் இறுதிச் சோதனைக்குக் கருவி வேண்டா. எண்ணெய் தடவிய தண்டை உருளையில் இட்டு, மேல்துளையை விரலால் மூடிப் பிடித்தால், தண்டு கீழே நழுவாமல் தயங்கி நிற்க வேண்டும். விரலை எடுத்ததும் நழுவ வேண்டும்.

துளைகளின் இடத்தைக் கணக்கிட்டே குறிக்க வேண்டும். வணரியின் வீச்சு 10 மி.மீ. என்றும், ஆடுமுளைக்கும் சுழல்தண்டுக்கும் உள்ள தொலைவு 40 மி.மீ. என்றும் கொள்வோம். உருளை ஒவ்வொரு புறமும் ஏறத்தாழ 14.5 பாகை சாயும். ஆடுமுளையிலிருந்து 12 மி.மீ. தள்ளி உருளையின் துளை இருந்தால், அது இடமும் வலமுமாக 3 மி.மீ. நகரும். ஆகவே, நிலைத்தகட்டின் இரு துளைகளும் நடுக்கோட்டிலிருந்து 3 மி.மீ. தள்ளி அமையும். துளைகளின் விட்டம் 3 மி.மீ.க்குக் குறைவாக, 2.5 மி.மீ. அளவில் இருக்க வேண்டும். மிஞ்சினால் நடுநிலையில் இரு வழிகளும் ஒருங்கே திறந்து, உள்ளே வந்த காற்று நேரே வெளியேறிவிடும்.

உரசும் இரு முகங்களும் சமமாக இல்லையெனில் இத்தனை உழைப்பும் வீண். தடித்த கண்ணாடியின்மேல் நுண்ணிய உப்புத்தாளை விரித்து, முகத்தை எட்டு வடிவில் தேய்க்க வேண்டும். ஒரு முகத்தில் நீல மையைப் பூசி மற்றதோடு உரசினால், மேடான இடங்கள் தாமே தெரியும். இதற்குப் பொறுமை ஒன்றே கருவி.

இவ்வளவையும் தமிழில் சொல்லும்போது எங்கே தடுமாறினோம் என்று திரும்பிப் பார்ப்போம். துளை, குடை, கடை, தேய், சீவு, அராவு, இழை, முடுக்கு ஆகிய வினைகள் எங்கும் தயங்கவில்லை. தடுமாற்றம் பெயர்ச்சொற்களில்தான். பிஸ்டனைச் சிலர் உந்துதண்டு என்கிறோம். இலங்கையில் முசலம் என்றனர், அஃது உலக்கைக்கு வடசொல். ரீமருக்கு நிலைத்த தமிழ்ச்சொல் கைக்கு வரவில்லை. பெயரைக் கடன் வாங்குவதில் பெரிய இழப்பு இல்லை என்பது நம் கருத்து. வினையை இழப்பதே இழப்பு. ‘ரீமர் போட்டுத் துளையைச் சீராக்கு’ என்பது தமிழ். ‘ரீம் பண்ணு, டர்ன் பண்ணு, பைல் பண்ணு’ என்று ‘பண்ணு’ ஒன்றே எல்லா வேலையையும் செய்யுமிடத்தில், கடைவதற்கும் அராவுவதற்கும் உள்ள வேறுபாட்டை மொழி காட்டாது போகிறது. சீன மொழி கடைசல் பொறிக்கு வண்டி, கட்டில் எனப் பொருள்படும் எழுத்துகளை இணைத்துப் பெயரிட்டது. மலாய் ‘லாரிக்’ என்னும் தன் வினையைக் காத்துக்கொண்டது. தமிழகத் தொழிற்பயிற்சி நிலையங்கள் பயிற்சி பெறுவோரைக் கடைசலர், பொருத்துநர் என அழைக்கின்றன.

சிங்கப்பூரில் இவ்வினைகள் ஒரு காலத்தில் புழங்கிய இடங்கள் உண்டு. செம்பவாங் கடற்படைத்தளத்தில் ஆறாம் ஜார்ஜ் கப்பல்துறை 1938இல் திறக்கப்பட்டது. 1968இல் அங்குச் செம்பவாங் கப்பல் பட்டறை உருவானது. அங்கு உழைத்தோரில் தமிழரும் மலையாளிகளும் மிகப் பலர். பழைய கைக்கருவிகள் விற்ற சுங்கை ரோடு சந்தை 2017 ஜூலை 10ஆம் நாள் மூடப்பட்டது. இன்று நம் மாணவர்கள் உயர்நிலை முதலிரு வகுப்புகளில் ‘வடிவமைப்பும் தொழில்நுட்பமும்’ என்னும் பாடத்தில் அரம் பிடிக்கிறார்கள். ஆயினும் அப்பாடம் ஆங்கிலத்தில் நடக்கிறது. தமிழ் வகுப்பில் அரத்தைப் பற்றிய பேச்சே இல்லை. துவாஸ் கப்பல் பட்டறைகளில் வேலை செய்யும் தமிழகத்துப் பொருத்துநர்களும் கடைசலர்களும் ஞாயிறுதோறும் தேக்காவில் கூடுகிறார்கள். அவர்கள் வாயில் இவ்வினைகள் உயிரோடு உள்ளன. மாணவர்கள் அவர்களைக் கடந்து தமிழ்த் துணைப்பாட வகுப்புக்குப் போகிறார்கள்.

கடைசல் பொறி இல்லாத பள்ளியிலும் இப்பொறியைச் செய்யலாம் என்பதால் ஆசிரியர்களுக்கு ஒரு சொல். உருளைக்கு ஆயத்தப் பித்தளைக் குழாயை வாங்கிக்கொள்க. ஜாலான் புசார் பக்கத்து இரும்புக்கடைகளில் கேட்டுப் பார்க்கலாம். குழாயைத் தட்டையான பித்தளைத் துண்டோடு ஈயப்பற்று வைத்து ஒட்டி, துளைகளை மேற்சொன்ன கணக்கின்படி இட்டால் போதும். செய்முறையை மாணவர் ஒருவர் தமிழில் சொல்ல, மற்றவர் செய்யட்டும். ‘பண்ணு’ மட்டும் விலக்கு. கொதிகலன் வேண்டா. வகுப்பறைக்கு நீராவி ஆபத்து. சைக்கிள் பம்பின் காற்றே போதுமானது. சக்கரத்தை விரலால் ஒரு முறை சுழற்றிவிட வேண்டும், தானாகத் தொடங்காது. எதிர்த்திசையில் ஓடினால் எதையும் பிரிக்க வேண்டியதில்லை. காற்றுக்குழாயை அடுத்த துளைக்கு மாற்றினால் திசையும் மாறிவிடும்.