எந்த பிஸ்டல் வாங்கலாம்? திருச்சியில் உட்கார்ந்து போட்ட ஒரு கணக்கு

திருச்சிக்குத் துப்பாக்கி புதிதல்ல. 1966 முதல் இங்கே துப்பாக்கித் தொழிற்சாலை இருக்கிறது. இராணுவத்துக்கு ரைபிள் செய்து அனுப்புகிற ஊர் இது. ஆனால் துப்பாக்கி சுடுவதை ஒரு விளையாட்டாக ஊர் முழுக்கப் பேசியது 2022 ஜூலையில்தான். மாநில அளவிலான துப்பாக்கி சுடும் போட்டிக்காக நடிகர் அஜித்குமார் திருச்சி ரைபிள் கிளப்புக்கு வந்தார். அன்றைக்குக் கூடிய கூட்டத்தை கே.கே. நகர்ப் பக்கம் இருப்பவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

அதற்குப் பிறகு ஸ்ரீரங்கத்தில் எனக்குத் தெரிந்த வட்டத்திலேயே இரண்டு மூன்று பேர் ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டார்கள். கடைசியாகக் கேட்டவன் என் அக்கா மகன். "மாமா, யூடியூப்ல ஓடிக்கிட்டே சுடுறாங்களே, அந்தப் போட்டிக்கு பிராக்டிஸ் பண்ண ஒரு பாயிண்ட் 32 பிஸ்டல் வாங்கலாம்னு இருக்கேன். எது நல்லாருக்கும்?" சேமிப்பு கையில் இருக்கிறது, லைசென்ஸுக்கு மனு போடவும் தயார். அவனுக்குச் சொன்ன பதிலைத்தான் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். ஏனென்றால் இந்தக் கேள்விக்கு இணையத்தில் கிடைக்கும் பதில்கள் பெரும்பாலும் அமெரிக்காவிலிருந்து வருபவை. அவை அங்கே சரி. இங்கே அதே பதிலை நம்பினால் லட்ச ரூபாய் சமாசாரம் வீணாகப் போகும்.

அது என்ன போட்டி?

ஓடிக்கொண்டே சுடும் அந்தப் போட்டிக்கு ஆங்கிலத்தில் பிராக்டிகல் ஷூட்டிங் என்று பெயர். இதை நடத்தும் உலக அமைப்பு ஐபிஎஸ்சி, 1976ல் அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் கொலம்பியா நகரில் தொடங்கப்பட்டது. அதன் முழக்கம் மூன்று லத்தீன் சொற்கள். தமிழில் சொன்னால் துல்லியம், வலிமை, வேகம்.

மதிப்பெண் போடும் முறை எளிது. வாங்கிய புள்ளிகளை எடுத்துக்கொண்ட விநாடிகளால் வகுக்க வேண்டும். ஒருவர் 10 விநாடியில் 60 புள்ளி எடுக்கிறார்: 6.0. இன்னொருவர் கொஞ்சம் சிந்திச் சிதறி 54 தான் எடுக்கிறார், ஆனால் 8 விநாடியில் முடிக்கிறார்: 6.75. இரண்டாமவர்தான் முன்னால். துல்லியமும் வேகமும் இந்த வகுத்தலுக்குள் வந்துவிட்டன. மூன்றாவதான வலிமை எங்கே?

அதற்குத்தான் பவர் ஃபேக்டர் என்று ஒரு எண் வைத்திருக்கிறார்கள். குண்டின் எடையை கிரெயின் கணக்கிலும், வேகத்தை விநாடிக்கு இத்தனை அடி என்றும் எடுத்துக்கொண்டு, இரண்டையும் பெருக்கி 1000 ஆல் வகுக்க வேண்டும். விடை குறைந்தது 125 வர வேண்டும். வராவிட்டால் அந்தத் துப்பாக்கிக்குப் புள்ளி கிடையாது. சின்னதாக உதைக்கிற துப்பாக்கியை எடுத்துவந்து வேகமாகச் சுட்டுவிட்டுப் போகக் கூடாது, உதையைச் சமாளிப்பதும் தேர்வின் ஒரு பகுதி என்பதுதான் இதன் பொருள். கூடவே இன்னொரு நிபந்தனை: குண்டின் விட்டம் 9 மி.மீ.க்கும், தோட்டா உறையின் நீளம் 19 மி.மீ.க்கும் குறையக் கூடாது.

இப்போது கணக்கைப் போடுவோம்

உலகெங்கும் இந்தப் போட்டியில் அதிகம் ஓடுவது 9 மி.மீ. பாரபெல்லம். 124 கிரெயின் குண்டு, விநாடிக்கு 1100 அடி. பெருக்கி வகுத்தால் 136. தாராளமாகத் தேறிவிடுகிறது.

நம்மூரில் ஒரு சாதாரணக் குடிமகனுக்கு லைசென்ஸில் கிடைக்கும் பிஸ்டல் .32 ஏசிபி. இந்திய ஆயுதத் தொழிற்சாலைகள் விற்கும் 'அஷானி' இந்த ரகம்தான். குண்டு 71 கிரெயின், வேகம் சுமார் 900 அடி. விடை 64. தேவையானதில் பாதிதான். விட்டமும் போதாது, உறை நீளமும் போதாது. மூன்று நிபந்தனையிலும் தோற்கிறது. நல்ல குண்டு வாங்கினாலோ, தொழில் தெரிந்தவரிடம் கொடுத்துச் சரிபார்த்தாலோ இந்த இடைவெளி அடையாது. 64ஐ 125 ஆக்கும் அழுத்தத்தைத் தாங்குவதற்காக அந்தத் துப்பாக்கி செய்யப்படவில்லை. முயன்றால் கைதான் போகும்.

சரி, 9 மி.மீ.யே வாங்கிவிடலாமே? முடியாது. இந்திய ஆயுத விதிகளில் 9 மி.மீ. தடைசெய்யப்பட்ட ரகம். இராணுவமும் போலீஸும் பயன்படுத்தும் தோட்டா அது. இஷாப்பூர் தொழிற்சாலை படைகளுக்காகச் செய்யும் பிஸ்டலும் 9 மி.மீ.தான். படையின் தோட்டா குடிமக்களின் துப்பாக்கிக்குள் நுழையக் கூடாது என்ற இந்த எண்ணம் வெள்ளைக்காரன் காலத்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியாவுக்குள் .450 ரகத் துப்பாக்கிகள் வருவதைத் தடுத்தார்கள். யானை, புலி வேட்டைக்கு அதை நம்பியிருந்த துரைமார்களுக்காக லண்டன் கம்பெனிகள் .470 என்று சற்றே வேறு அளவில் புதிய தோட்டாவைச் செய்து கொடுத்தன. ஆட்சி மாறியும் அந்தத் தர்க்கம் மாறவில்லை.

இத்தாலியிலும் பல ஆண்டுகள் இதே தடை இருந்தது. அங்கே என்ன செய்தார்கள்? 9 மி.மீ. குண்டையே 21 மி.மீ. நீள உறையில் வைத்து வேறு தோட்டாவாக்கினார்கள். பலம் அதே, பெயர்தான் வேறு. அதனால் இத்தாலிய வீரர்கள் உலகப் போட்டிகளில் தடையின்றி விளையாடினார்கள். டன்ஃபோலியோ என்ற இத்தாலிய நிறுவனத்தின் பிஸ்டல்கள் இந்த விளையாட்டில் பெரும் பெயர் பெற்றன. நமக்குக் கிடைத்த மாற்றோ பாதிப் பலமுள்ள .32. ஒரே மாதிரித் தடை, ஆனால் ஒரு நாட்டில் விளையாட்டு வளர்ந்தது, இன்னொன்றில் வழி அடைந்தது. வித்தியாசம் தடையில் இல்லை, தடைக்கு மாற்றாக எது கிடைத்தது என்பதில் இருக்கிறது.

தோட்டா எண்ணிக்கையையும் பாருங்கள். சாதாரண உரிமத்தில் பொதுவாக எழுதப்படுவது ஒரு நேரத்தில் 100, ஆண்டுக்கு 200. ஐபிஎஸ்சியின் மூன்றாம் நிலைப் போட்டி ஒன்றுக்கே சுமார் 150 தோட்டா வேண்டும். ஆண்டுக்கு ஒரு போட்டி சுட்டால் பயிற்சிக்கு மிஞ்சுவது ஐம்பது. நீச்சல் கற்றுக்கொள்ள ஒரு குடம் தண்ணீர் கொடுத்த கதைதான்.

இன்னொரு விஷயம். 2019 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் வைத்துக்கொள்ளக்கூடிய துப்பாக்கி மூன்றிலிருந்து இரண்டாகக் குறைந்துவிட்டது. அந்த இரண்டில் ஒன்றை, போட்டிக்கு உதவாத .32க்குக் கொடுத்துவிட்டால் மிச்சம் ஒன்றுதான். அக்கா மகனிடம் நான் அழுத்திச் சொன்னது இதைத்தான்: "பணம் திரும்பச் சம்பாதிக்கலாம்டா, அந்த இடம் போனா போனதுதான்."

பெயரில் ஒரு குழப்பமும் உண்டு. 25 மீட்டர் சென்டர் ஃபயர் பிஸ்டல் போட்டியில் '.32' சுடுகிறார்களே என்று சிலர் கேட்கிறார்கள். அது .32 ஸ்மித் அண்ட் வெஸன் லாங் என்னும் வேறு தோட்டா. காகிதத்தில் வட்டமாகத் துளை விழ வேண்டும் என்பதற்காக முனை தட்டையாக இருக்கும். அஷானியில் போடும் .32 ஏசிபி வேறு. ஒன்றுக்குப் பதிலாக மற்றதைப் போடக் கூடாது.

அப்படியானால் எதை வாங்குவது?

கேள்வியைக் கொஞ்சம் திருப்பிப் போட்டால் பதில் கிடைக்கும். பிராக்டிகல் ஷூட்டிங்கில் நம்மை ஈர்ப்பது எது? கையை உயர்த்தி, குறியைக் கண்டு, அடுத்தடுத்த இலக்குக்கு நகர்ந்து, நேரத்துக்குள் முடிப்பது. இது சட்டப்படி இந்தியாவிலேயே இருக்கிறது. பெயர் 25 மீட்டர் ரேபிட் ஃபயர் பிஸ்டல். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் விஜய் குமார் வெள்ளி வென்றது இதில்தான். 2018 காமன்வெல்த் போட்டியில் 15 வயது அனீஷ் தங்கம் வென்றதும் இதில்தான்.

பக்கத்தில் பக்கத்தில் ஐந்து இலக்குகள். கை 45 டிகிரி கீழே. விளக்கு மாறியதும் ஒற்றைக் கையை உயர்த்தி, இலக்குக்கு ஒன்றாக ஐந்து குண்டு. முதலில் 8 விநாடி, பிறகு 6, பிறகு 4. நான்கு விநாடி என்றால் கை உயரும் நேரத்தையும் சேர்த்து இலக்குக்கு 0.8 விநாடி. ஓட்டம் மட்டும்தான் இல்லை. தோட்டா .22, உதை குறைவு, விலையும் குறைவு.

இதற்கான .22 பிஸ்டலை முதல் நாளே சொந்தமாக வாங்க வேண்டியதில்லை. கிளப்பின் துப்பாக்கியில் பழகலாம். போட்டிகளில் தகுதி மதிப்பெண் எடுத்து வளர்ந்தால் சட்டமே வழிவிடுகிறது: 2020 பிப்ரவரியில் உள்துறை அமைச்சகம் விளையாட்டு வீரர்களுக்கான வரம்பைத் தளர்த்தியது. பயிற்சிக்கான .22 தோட்டா ஆண்டுக்கு 1000 என்பது 5000 ஆனது. சாதாரண உரிமத்தின் 200ஐ இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். விளையாட்டு வழியாகப் போகிறவனுக்கும் கடை வழியாகப் போகிறவனுக்கும் உள்ள தூரம் புரியும்.

அதற்கும் முந்தைய படி 10 மீட்டர் ஏர் பிஸ்டல். 4.5 மி.மீ. துளை, 20 ஜூலுக்கு உட்பட்ட சக்தி என்றால் துப்பாக்கி லைசென்ஸ் தேவையில்லை. போட்டி ஏர் பிஸ்டலின் சக்தி சுமார் 6 ஜூல்தான். ஆகவே திருச்சியில் இருந்துகொண்டு 'எந்த பிஸ்டல்' என்று கேட்பவருக்கு என் பதில்: ஏர் பிஸ்டல், அதுவும் கடையில் தொங்கும் ஸ்பிரிங் பொம்மை அல்ல, காற்றுச் சிலிண்டர் உள்ள போட்டி ரகம். ஸ்டேயர், மொரீனி, பார்தீனி, வால்தர், ஃபைன்வெர்க்பாவ் என்று பல பெயர்கள் காதில் விழும். பெயரை விட்டுவிட்டு ஐந்து விஷயங்களைப் பாருங்கள்.

முதலாவது, பிடி. கண்ணை மூடிக்கொண்டு பிடித்து, கையை நீட்டி, கண்ணைத் திறங்கள். முன் குறியும் பின் குறியும் தானாகவே நேராக இருக்க வேண்டும். மணிக்கட்டை வளைத்துத்தான் நேராக்க முடிகிறது என்றால் அந்த அளவு உங்களுக்கில்லை. சிறிது, நடுத்தரம், பெரிது என்று மரப்பிடிகள் வரும்; இடது கைக்காரருக்குத் தனி.

இரண்டாவது, ட்ரிக்கர். ஏர் பிஸ்டலில் குறைந்தபட்ச இழுவை 500 கிராம், 25 மீட்டர் விளையாட்டு பிஸ்டலிலும் ரேபிட் ஃபயரிலும் 1000 கிராம். இலேசாக இருக்கிறதா என்பதைவிட ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் விடுகிறதா என்று பாருங்கள்.

மூன்றாவது, எடை. ஐபிஎஸ்சிக்காரர்கள் விரும்பும் செக் நாட்டு ஷேடோ 2 முழு இரும்பு, 1.3 கிலோ. க்ளாக் 17 அதில் ஏறக்குறைய பாதி. கனமான துப்பாக்கி குறைவாகத் துள்ளும், சீக்கிரம் குறிக்குத் திரும்பும். ஆனால் அவர்கள் இரண்டு கையால் சுடுகிறார்கள். ஒற்றைக் கையால் 60 குண்டு சுட வேண்டிய நமக்கு, கடைசிப் பத்தில் தோள் நடுங்காத எடைதான் சரியான எடை.

நான்காவது, நம்பகம். டோக்கியோ ஒலிம்பிக்கில் மனு பாக்கரின் பிஸ்டல் தகுதிச் சுற்றின் நடுவே பழுதாகி நேரம் போனது, இறுதிச் சுற்று கைநழுவியது. அவர்தான் 2024 பாரிஸில் இரண்டு வெண்கலம் வென்றார். ஆட்டக்காரரும் திறமையும் சரியாக இருந்து கருவி மட்டும் நின்றால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம். அதனால் உங்கள் கிளப்பில் யாரிடம் என்ன பிஸ்டல் இருக்கிறது, பழுதானால் பார்க்கத் தெரிந்தவர் யார், வாஷர் எங்கே கிடைக்கும் என்று முதலில் விசாரியுங்கள். பக்கத்தில் ரிப்பேர் இல்லாத வெளிநாட்டுச் சாமானைவிட, நாலு பேர் வைத்திருக்கும் பழைய மாடல் மேல்.

ஐந்தாவது, செகண்ட் ஹேண்ட் வாங்குபவர்களுக்கு: சிலிண்டரின் மேல் தயாரிப்புத் தேதி பொறித்திருக்கும். பத்து வருடத்தோடு அதன் ஆயுள் முடிகிறது. 'சும்மா கிடந்தது சார், புதுசு மாதிரி' என்றாலும் தேதியைப் பார்த்துவிட்டு விலை பேசுங்கள்.

வாங்குவதற்கு முன்னாலேயே செய்யக்கூடிய பயிற்சி ஒன்று உண்டு, செலவே இல்லாதது. கிளப் பிஸ்டலில் குண்டில்லை என்று இரண்டு முறை பார்த்து உறுதி செய்துகொண்டு, வெறும் ட்ரிக்கர் பழகுவது. ஏர் பிஸ்டலில் இதற்கென்றே தனி அமைப்பு இருக்கும். .22ல் அப்படியே செய்யாதீர்கள், ஊசி மோதி அறையின் விளிம்பு அடிபடும். போலித் தோட்டா போட்டுத்தான் செய்ய வேண்டும். ஒரு மாதம் இதைச் செய்து சலிக்காதவருக்கு இந்த விளையாட்டு ஒத்துவரும். சலித்துவிட்டால் அதுவும் நல்லதே. லைசென்ஸ் மனுவும் லட்ச ரூபாயும் மிச்சம்.

அக்கா மகன் இப்போது கிளப் பிஸ்டலில் பழகுகிறான். நடுத்தரப் பிடி அவன் கைக்குப் பெரிது, சிறியதுதான் சேர்கிறது என்று மூன்றாவது வாரம்தான் தெரிந்தது. கடைக்கு நேரே போயிருந்தால் அது தெரிந்திருக்காது.