திருக்குறளில் பகை மறத்தலும் ஆராய்ந்து மதித்தலும்

முன்னுரை

பிறர் செய்த தீங்கை நெஞ்சில் வைத்திருத்தலும், ஒரே செயலைக் கொண்டு ஒருவரை அளந்துவிடுதலும் மனித உறவைச் சிதைப்பன. இவ்விரண்டையும் வள்ளுவர் அணுகும் முறையை இக்கட்டுரை விளக்குகிறது.

பொறுத்தலும் மறத்தலும்

தீங்கைப் பொறுப்பதினும் அதனை மறப்பது சிறந்தது என்பது பொறையுடைமை அதிகாரத்தின் கருத்து (குறள் 152). பொறுத்தவர் நெஞ்சில் தீங்கின் நினைவு எஞ்சுகிறது. மறந்தவரிடம் அதுவும் இல்லை. தீங்கு செய்தவர் நாணுமாறு நன்மை செய்து விட்டுவிடுக என்கிறது இன்னாசெய்யாமை (குறள் 314). இங்கு விடுதல் என்பதற்கு அவர் செய்த தீமை, தாம் செய்த நன்மை ஆகிய இரண்டையும் மறத்தல் எனப் பரிமேலழகர் உரை காண்கிறார். தன் பெருந்தன்மையை எண்ணிக்கொண்டிருப்பவர் பகையையும் மறப்பதில்லை என்பது இதனால் புலனாகும்.

மதிப்பிடும் முறை

ஒருவரின் நிறைகுறைகளை ஆராய்ந்து, அவற்றுள் மிகுந்ததைக் கொண்டு முடிவு செய்யுமாறு தெரிந்துதெளிதல் கூறுகிறது (குறள் 504). கொலையொத்த தீங்கும், அதைச் செய்தவர் முன்பு செய்த ஒரு நன்மையை நினைத்தால் மறைந்துபோகும் என்கிறது செய்ந்நன்றியறிதல் (குறள் 109). இவை முரண்படுவனபோல் தோன்றும். எனினும் முன்னது பொருட்பாலில் வினைக்கு ஆள் தேரும் அரசனுக்கும், பின்னது அறத்துப்பாலில் இல்வாழ்வானுக்கும் உரியது.

முடிவுரை

பொறுப்பை ஒப்படைக்குமிடத்து எடையிடுதல் வேண்டும். மன்னிக்குமிடத்து ஒரு நன்மையே போதும். மன்னிக்கப்பட்டவரிடம் பொறுப்பை மீண்டும் ஒப்படைத்தே ஆகவேண்டும் என்பதில்லை. பொறுப்புக்குத் தகாதவரைப் பகைக்க வேண்டுவதும் இல்லை.