கொண்டையூசியும் சுங்கத் தீர்வையும்: வகைப்படுத்தற் பதிவுகள் பற்றிய ஒரு நோக்கு

புத்தளத்திலிருந்து கொழும்பு நோக்கிச் செல்லும் பெருந்தெருவில் அமைந்தது மதுரங்குளி. இத்தகைய ஊர்களின் சில்லறைக் கடைகளிலே கொண்டையூசி, கிளிப், றிபன், இறப்பர் வளையம், சீப்பு, சவரி ஆகியன ஒரே பலகையில் அருகருகே தொங்குவதைக் காணலாம். அவற்றுட் பல கடல் கடந்து வந்தவை. அண்மையிலுள்ள கற்பிட்டித் துறை வாணிகச் சிறப்புற்றிருந்த காலம் போயிற்று. இன்று அவை கொழும்புத் துறைமுகத்தில் இறங்கிப் புறக்கோட்டை மொத்த வியாபாரிகளின் வழியாகவே இக்கடைகளை அடைகின்றன. கடைக்காரர் 'தலைச் சாமான்' என ஒரு சொல்லில் அடக்கும் இப்பொருட்களைச் சுங்கத் தீர்வை நூல் ஒன்றாகக் கருதுவதில்லை. எந்தப் பெயரின் கீழ் ஒரு பண்டம் பதியப்படுகின்றதோ அதனைப் பொறுத்தே அதன் மீதான வரி அமைகின்றது. ஆகவே பெயரிடுதல் வெறும் எழுத்துவினைஞர் வேலையன்று. அதற்கொரு பொருளாதார உள்ளடக்கம் உண்டு.

இன்று உலக வாணிகத்திற் பெரும்பகுதி எச்.எஸ். எனச் சுருக்கி வழங்கப்படும் ஒத்திசைவுப் பெயரீட்டு முறைமையின்படி பதியப்படுகின்றது. பிரசெல்சில் 1983 யூன் மாதம் ஏற்றுக்கொள்ளப்பட்ட உடன்படிக்கை 1988 சனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. நான்கு இலக்கத் தலைப்பும் ஆறு இலக்க உபதலைப்பும் எல்லா நாடுகளுக்கும் பொது. இலங்கை அவற்றுடன் மேலும் இரண்டு இலக்கங்களைச் சேர்த்து எட்டிலக்கமாக வழங்குகின்றது.

'தலைமுடி அணிகள்' என்று மட்டும் விலைப்பட்டியலில் எழுதப்பட்ட ஒரு பெட்டியைத் திறப்பதாகக் கொள்வோம். பிளாத்திக்குச் சீப்பும் பிளாத்திக்குக் கிளிப்பும் 9615.11 என்ற உபதலைப்பிற் சேரும். அதே கிளிப் உலோகத்தாலானதெனில் 9615.19 ஆகும். கொண்டையூசியும் மின்சாரமின்றி முடியைச் சுருட்டும் உருளையும் 9615.90. மின்சாரத்தால் இயங்கும் சுருட்டியோ வீட்டு மின்கருவிகளோடு 8516இல் நிற்கும். தலைவாரும் தூரிகை சீப்பின் வேலையையே செய்கின்றது. எனினும் அது தூரிகையாதலால் 9603. துணியாலான தலைப்பட்டி புடைவைப் பகுதிக்குரியது. அங்கும் அது பின்னற்றுணியா நெசவுத்துணியா என்ற வினா எழும். முன்னையது 6117, பின்னையது 6217. துணியேதும் சுற்றாத வெறும் இறப்பர் வளையம் 4016. ஒரே பலகையில் ஒரே ஆணியில் தொங்கியவை இவ்வாறு ஐந்தாறு அத்தியாயங்களிற் சிதறிப் போகின்றன. பயன் ஒன்றாயினும் மூலப்பொருளும் செய்முறையும் வேறாதலே இதற்குக் காரணம்.

கண்ணாடிக் கல் பதித்த ஊசியைப் பலரும் போலி நகை என எழுதிவிடுகின்றனர். 71ஆம் அத்தியாயத்தின் குறிப்பு இதனை வெளிப்படையாக விலக்குகின்றது: 9615இற்குரிய கிளிப்பும் கொண்டையூசியும் போலி நகையாகா. ஆனால் விலைமதிப்புள்ள உலோகம் சிறு கூறாக மட்டும் அமைந்திருந்தாலே ஒரு பொருள் 9615இல் நிலைக்கும். பொன்னாலான ராக்கொடியும் சடைநாகமும் நகையாகி 7113இற்குச் செல்லும். கூந்தலைச் சேர்ந்த பொருட்களையும் இச்சட்டம் செல்வர்க்கு ஓர் அத்தியாயம், ஏழையர்க்கு ஓர் அத்தியாயம் எனப் பிரித்து வைத்திருக்கின்றது என நாம் சொன்னால் அது மிகையாகாது.

கூந்தலே பண்டமாகும் இடமும் உண்டு. வெட்டியபடியே உள்ள மனித முடி 0501. சீர்செய்து வெளுத்தது 6703. சவரியாகக் கட்டப்பட்டதும் பொய்முடியாகச் செய்யப்பட்டதும் 6704. திருப்பதியில் பக்தர் காணிக்கையாக இறக்கும் முடி ஏலத்தில் விற்கப்பட்டுப் பிற நாடுகளுக்குச் செல்வதை நாம் அறிவோம். காணிக்கை பண்டமாகி, அப்பண்டம் உழைப்பேற ஏற இலக்கம் மாறிச் செல்லும் வழியை இம்மூன்று தலைப்புக்களும் காட்டுகின்றன.

சீப்புக்கு இலங்கையில் ஒரு சமூக வரலாறும் உண்டு. 19ஆம் நூற்றாண்டிலே தென்மேற்குக் கரையோரச் சிங்கள ஆடவர் கொண்டையிற் செருகிய ஆமையோட்டுச் சீப்பு அவர்தம் தகுதியைக் காட்டும் அடையாளமாயிருந்தது. தீர்வை நூலில் அதற்கும் 9615.19இல் இடமுண்டு. ஆயினும் அழிந்துவரும் உயிரினங்களின் வாணிகம் பற்றிய சர்வதேச உடன்படிக்கையில் இலங்கை 1979இல் இணைந்தது. அவ்வுடன்படிக்கை அழுங்காமை ஓட்டின் வாணிகத்தைத் தடை செய்கின்றது. இலக்கம் இருப்பதனால் அனுமதி உண்டென்று கொள்ளலாகாது.

பதிவைத் தயாரிப்போர் செய்யவேண்டுவது யாது? ஒவ்வொரு பொருளுக்கும் தனி வரி எழுதி, அது எதனாலானது, எவ்வாறு செய்யப்பட்டது, என்ன செய்கின்றது, எத்தனை, என்ன நிறை என்பவற்றைக் குறித்தல் வேண்டும். மாதிரியொன்றையோ படமொன்றையோ வைத்திருத்தல் நன்று. பொதுவிதிகளுள் முதலாவது, தலைப்பின் சொற்களும் குறிப்புக்களுமே தீர்மானிக்கும் என்கின்றது. துணிப்பூ ஒட்டிய பிளாத்திக்குக் கிளிப் போன்ற கலப்புப் பொருளுக்கு மூன்றாம் விதி உதவும்: திட்டமாகக் குறிக்கும் தலைப்பு முந்தும், அதனால் முடியாவிடின் பொருளின் இன்றியமையாத் தன்மை நோக்கப்படும், அதுவும் இயலாவிடின் எண்வரிசையிற் கடைசியாக வருவது கொள்ளப்படும். ஐயமிருப்பின் பொருள் வருமுன்னரே சுங்கத்திடம் முன்தீர்ப்புக் கேட்கலாம். 2017 பெப்ரவரி 22 முதல் நடைமுறையிலுள்ள உலக வர்த்தக அமைப்பின் வாணிக வசதிப்படுத்தல் உடன்படிக்கை இவ்வழியை உறுப்பு நாடுகளின் கடமையாக்கியுள்ளது.

இத்தனை நுணுக்கம் வேண்டுமா எனக் கேட்கப்படலாம். இலங்கையில் இறக்குமதிப் பண்டங்கள் பலவற்றின் மீது, 1979ஆம் ஆண்டின் 40ஆம் இலக்க ஏற்றுமதி அபிவிருத்திச் சட்டத்தின் கீழ், சுங்கத் தீர்வைக்கு மேலாகச் செஸ் வரியும் அறவிடப்பட்டு வந்துள்ளது. பல இலக்கங்களுக்கு அது விலையின் நூற்றுவீதம் அல்லது கிலோவுக்கு இத்தனை ரூபா, எது கூடியதோ அது என அமைந்தது. விளக்கத்துக்காக, நூற்றுக்கு 10 அல்லது கிலோவுக்கு 200 ரூபா எனக் கொள்வோம். கிலோ 5,000 ரூபா பெறும் உயர்ரகக் கிளிப் 500 ரூபா வரி கொடுக்கும். அது விலையில் நூற்றுக்கு 10. கிலோ 500 ரூபா பெறும் மலிவுக் கிளிப் 200 ரூபா கொடுக்கும். அது நூற்றுக்கு 40. இத்தகைய வரியுள்ள இலக்கத்திற் பண்டமொன்று பிழையாகப் பதியப்பட்டால் மிகையாகச் செலுத்திய பணத்தை இறக்குமதியாளர் விலையிலே ஏற்றிவிடுவார். புறக்கோட்டை வியாபாரி அதனைக் கைமாற்றிவிடுவார். மதுரங்குளிக் கடைக்காரரிடம் அந்தப் பதிவின் பிரதிகூட வருவதில்லை. விலை மட்டுமே வருகின்றது. பாடசாலைக்குச் செல்லும் மகளுக்கு ஒரு சோடி கிளிப் வாங்கும் தாயே அதனைச் செலுத்துகின்றாள்.