காபன் இழைத் துவிச்சக்கரவண்டியும் சிக்கனமும்

துவிச்சக்கரவண்டி என்றதும் நம்மவர் உள்ளத்தில் முதலில் எழுவது இரும்பு. கல்லூரி வாயிலில் வேப்பமர நிழலில் வரிசையாய்ச் சாய்ந்து நின்ற கறுத்த வண்டிகள் எம் தலைமுறையினர் கண்ட காட்சி. 1990களில், எரிபொருள் அரிதாகிய ஆண்டுகளில், நெல்மூடையையும் விறகையும் நோயாளியையும் குடாநாட்டின் ஒழுங்கைகள்தோறும் சுமந்தது அவ்விரும்பே. 2022ஆம் ஆண்டில் பெற்றோல் வரிசைகள் நீண்டபோது, பின்விறாந்தைகளில் துருவேறிக் கிடந்த அதே வண்டிகள் மறுபடியும் எண்ணெய் பூசப்பெற்று வீதிக்கு வந்தன. இத்தகைய ஊரில் ஒருவன் இரும்பை விடுத்து, காபன் இழையாலான பந்தய வண்டி ஒன்றைத் தன் கையாற் பூட்டி ஓட்டப் புகுந்தால், அஃது அயலாரின் நகைப்புக்கு இடமாதல் இயல்பே. யான் அந்நகைப்புக்கு ஆளானவன்.

இப்பொருள் யாது, அது வலிமை பெறுவது எங்ஙனம், முறிவது எங்ஙனம், சிறு பொருள் உடையோன் எதிற் சிக்கனம் செய்யலாம், எதிற் செய்யலாகாது என்பவற்றை எழுதுமாறு மாணவர் சிலர் கேட்டனர். யான் கலைப் பட்டதாரி, விஞ்ஞானம் கற்பிப்பவனல்லன். ஆதலின் ஈண்டு வரும் கணக்குகளைப் பௌதிகம் கற்பிக்கும் நண்பரொருவர் சரிபார்த்த பின்னரே தருகின்றேன்.

காபன் இழை புதியதொன்றன்று. 1880ஆம் ஆண்டளவில் எடிசன் மூங்கிற் கீற்றைக் கரியாக்கித் தம் மின்விளக்கினுள் இழையாக இட்டார். அவ்விழை ஒளி தந்ததேயன்றிப் பாரம் தாங்கவல்லதன்று. பாரம் தாங்கும் இழை, ஏறத்தாழ 1960ஆம் ஆண்டையொட்டி யப்பானிலும் இங்கிலாந்திலும் நிகழ்ந்த ஆராய்ச்சிகளால் உருவாயிற்று. கம்பளி போன்ற செயற்கை நூல் செய்யப் பயன்படும் பொலிஅக்ரிலோநைத்திரைல் என்னும் பொருளை இழுத்து நிறுத்தியவாறே 200 பாகைக்கு மேற்பட்ட வெப்பத்தில் வளியிற் பதப்படுத்தி, பின்னர் ஒட்சிசன் புகாத உலையில் 1000 பாகை செல்சியசுக்கும் மேலே சூடாக்கினால், ஏனைய மூலகங்கள் நீங்கக் காபன் மட்டும் எஞ்சும். ஓர் இழையின் விட்டம் ஏறத்தாழ 7 மைக்கிரோமீற்றர். நம் தலைமயிரின் பருமனிற் பத்திலொரு பங்கு எனலாம். இழை தனித்து நில்லாது. எப்பொக்சி என்னும் பிசினிலே தோய்ந்து இறுகிய பின்னரே அது வண்டிக்கு உறுப்பாகும்.

இதன் இயல்பை யாழ்ப்பாணத்தவருக்கு விளக்கப் பிறநாட்டு உவமை வேண்டா, பனைமரம் உள்ளது. நம் முன்னோர் கூரைக்குப் பனஞ்சிலாகையை இட்டனர். வைரம் பாய்ந்த சிலாகை இரு சுவர்களுக்கிடையே கிடந்து ஓட்டின் பாரத்தைத் தலைமுறைகளாகத் தாங்கும். அதே பனந்துண்டைச் செங்குத்தாய் நிறுத்தி, நார் செல்லும் வழியே கோடரியை இறக்கினால், இரண்டொரு வெட்டிற் பிளந்துவிடும். வலிமை நாரின் திசையிலுண்டு, குறுக்கே இல்லை. காபன் இழைத் தகடும் இத்தன்மையதே. இழைகள் யாவும் ஒரே திசையிற் கிடக்கும் தகட்டில், அத்திசை வழியே யங்கின் மட்டு ஏறத்தாழ 130 கிகாபசுக்கால். குறுக்கே 10க்கும் குறைவு. உருக்குக்கோ எத்திசையிலும் 200. எனின் உருக்கன்றோ விறைப்பானது? ஆம், ஆனால் உருக்கின் அடர்த்தி 7.8, காபன் தகட்டினது 1.6 அளவே. நிறைக்கு நிறை ஒப்பிட்டால், இழையின் திசையிற் காபன் மூன்று மடங்குக்கு மேல் விறைப்புடையது. பாரம் எத்திசையில் வரும் என்று அறிந்து, அத்திசையில் இழையைக் கிடத்துவோன் இந்த நன்மையைப் பெறுவான். அறியாதவன் பெறான்.

இதிலிருந்தே இப்பொருளின் விலைபற்றிய உண்மையும் பிறக்கின்றது. உருக்கு வண்டி செய்வோன் முன்னரே செய்து சோதிக்கப்பட்ட குழாயை வாங்கி ஒட்டுகின்றான். பொருள் முந்தியது, வண்டி பிந்தியது. காபன் வண்டியில் அங்ஙனமன்று. பிசின் தோய்ந்த தாள்களைச் சில நூறு துண்டுகளாக வெட்டி, ஒன்றன்மேலொன்றாய் வெவ்வேறு கோணங்களிற் கையால் அடுக்கி, உள்ளே காற்றுப்பை வைத்து உருக்கு வார்ப்பச்சினுள் மூடி, அமுக்கத்தோடு சூடாக்குகின்றனர். பிசின் இறுகும் அக்கணத்திலேதான் பொருளும் பிறக்கின்றது, சட்டகமும் பிறக்கின்றது. இடையில் ஒரு தாள் மடிந்துபோனாலும், ஒரு குமிழி வளி தங்கிவிட்டாலும், அக்குறை மேற்பூச்சின் கீழ் மறைந்துவிடும். உயர்ந்த விலையில் நாம் வாங்குவது பெரும்பாலும் இழையையன்று. அடுக்கிய கையின் கவனத்தையும், முடிந்த பின் சோதித்த கருவியின் சான்றையுமே.

பந்தய உலகில் இப்பொருள் புகுந்த வரலாறு சுருக்கமானது. 1986ஆம் ஆண்டுப் பிரான்சுச் சுற்றுப் பந்தயத்தில் அமெரிக்கரான கிறெக் லெமொண்ட் காபன் குழாய்களை அலுமினியப் பொருத்துகளில் ஒட்டிய வண்டியில் வென்றார். 1992இல் பார்சிலோனா ஒலிம்பிக்கில் ஆங்கிலேயரான கிறிஸ் போட்மன், மைக் பரோஸ் வகுத்த ஒற்றை வார்ப்புக் காபன் வண்டியில் 4000 மீற்றர்த் துரத்தற் போட்டியிற் பொற்பதக்கம் பெற்றார். 2000ஆம் ஆண்டில் சர்வதேசச் சங்கம் பந்தய வண்டி 6.8 கிலோகிராமுக்குக் குறையலாகாது என்று விதித்தது.

இன்று சீனாவின் சியாமென் போன்ற நகரங்களிலுள்ள தொழிற்சாலைகள், பெயர் பொறிக்காத சட்டகங்களை நேரே வாங்குவோருக்கு விற்கின்றன. ஒரே வார்ப்பச்சிலிருந்து பல வணிகர்க்குச் செய்யப்படுவதால் விலை குறைவு. அவற்றுள் நல்லனவும் உள, அல்லனவும் உள. துவிச்சக்கரவண்டிப் பாதுகாப்புக்கென ஐஎஸ்ஓ 4210 என்னும் நியமம் ஒன்றுண்டு. பெடலை மிதிக்கும் விசையை 100,000 முறை சட்டகத்தின்மேற் பிரயோகிக்கும் சோதனையும் அதில் அடங்கும். அச்சோதனையின் அறிக்கையைக் கேட்டுக் காட்டாத விற்பனையாளனிடம் வாங்குதல் சிக்கனமன்று.

என் சட்டகம் கனடாவிலுள்ள மைத்துனர் நல்லூர்த் திருவிழாவுக்கு வந்தபோது பயணப்பொதியிற் கொணர்ந்தது. அறிக்கையோடு வந்த, பெயரில்லாத சட்டகம். முன்கவரும் உடன் வந்தது. தற்காலத்தார் விருப்பம் தட்டுப் பிறேக்கின் பக்கம் சென்றுவிட்டமையால், றிம்மைப் பற்றும் பழைய முறைப் பிறேக்குக்கான இச்சட்டகம் மலிவாய்க் கிடைத்தது. பெடல் அச்சு சுழலும் கூடு திருகு மரை கொண்டதாய் இருக்கவேண்டும் என்று முன்னரே சொல்லியிருந்தேன். அழுத்திப் புகுத்தும் வகையில், கூட்டின் துளை மயிரிழை பிசகினாலும் மிதிக்குந்தோறும் முனகும். மலிவான சட்டகத்தில் அத்துணை நுட்பத்தை எதிர்பார்த்தல் பேராசை. கியர்த் தொகுதி சிமானோவின் தியாகரா, பத்துப் பற்சில்லுடையது, ஒருவர் பாவித்தது. றிம்கள் அலுமினியம். நீண்ட இறக்கத்திற் பிறேக்கை இடைவிடாது பிடித்தால் காபன் றிம்மில் எழும் வெப்பம் பிசினை இளக்கிவிடும் என்பதனால், மலிவான காபன் றிம்மை யான் ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

பூட்டும் வேலையிற் பெரும்பகுதி பொறுமையே. முன்கவரின் தண்டை நம் உயரத்துக்கேற்ப அறுத்தல் மட்டும் நெஞ்சைப் படபடக்கச் செய்வது. நுண்பல் வாளால், தண்டை ஒட்டுநாடாவாற் சுற்றி, நீர் தெளித்து, மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு அறுத்தல் வேண்டும். அத்தூள் சுவாசப்பைக்கு ஆகாது. உருக்குத் தண்டினுள் அடித்து இறுக்கும் நட்சத்திர வடிவான பிடியைக் காபன் தண்டினுள் அடிக்கலாகாது, உட்சுவரைக் கீறிவிடும். விரிந்து பற்றும் அடைப்பே ஏற்றது. இருக்கைத் தண்டுக்குக் கிறீசு பூசாமல், நுண்மணல் கலந்த பசையைப் பூசவேண்டும். சிறு இறுக்கத்திலேயே அது வழுக்காது நிற்கும். அலுமினியத் தண்டாயின் மற்றோர் இடரும் உண்டு. காபனும் அலுமினியமும் தொட்டுக் கிடக்க, இடையில் உப்புநீர் சேருமாயின், அஃது ஒரு மின்கலம்போலத் தொழிற்பட்டு அலுமினியத்தை அரிக்கும். தண்டு சட்டகத்தோடு ஒட்டிப்போகும். கடற்காற்று வீசும் நம்மூரில் இதனை மறத்தலாகாது.

என் தவறு ஹான்டிலில் நிகழ்ந்தது. சட்டகம் காபனாயிற்றே, கைப்பிடியும் காபனாகட்டும் என்ற ஆசையால், மலிவானதொன்றை வாங்கியிருந்தேன். அதைப் பற்றும் கழுத்திலே 5 நியூற்றன் மீற்றர் என்று பொறித்திருந்தது. அவ்வெண்ணின் பொருளை அன்று சிந்தித்தேனல்லேன். கைப்பிடி 10 சதமமீற்றர் நீளமுள்ள சாவியின் நுனியில் 5 கிலோகிராம் எடையைத் தொங்கவிட்டால் எழும் முறுக்கமே 5 நியூற்றன் மீற்றர். இரும்பு வண்டியிற் பழகிய கை அதே சாவியில் 15 கிலோகிராம் அளவுக்கு இழுத்துவிடும். அதாவது மூன்று மடங்கு. யான் அங்ஙனமே இழுத்தேன். மெல்லிய ஓசையொன்று கேட்டது. கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை.

எங்கள் சந்தியிலே நாற்பதாண்டுகளாகச் சயிக்கிள் திருத்தும் முதியவரிடம் கொண்டுசென்றேன். அவர் ஹான்டிலை விரலாற் சுண்டிப் பார்த்துவிட்டு, "மாஸ்ரர், இரும்பெண்டா முறிய முதல் வளைஞ்சு சொல்லும். இது சொல்லாது போல கிடக்கு" என்றார். பாடநூல் பல பக்கங்களிற் கூறுவதை அவர் ஒரு வாக்கியத்தில் முடித்துவிட்டார். உருக்கு தன் மீள்தன்மை எல்லையைக் கடந்ததும் உடனே முறியாது. வளைந்து நீண்டு, ஓட்டுவோனுக்கு அறிகுறி காட்டும். காபன் தகட்டுக்கு அந்த இடைநிலை இல்லை.

நாணயத்தால் அங்குலம் அங்குலமாகத் தட்டிப் பார்த்தோம். ஏனைய இடங்களிற் கணீரென்ற ஓசை, கழுத்துப் பற்றிய இடத்தில் மட்டும் மங்கி ஒலித்தது. கழற்றியபோது அவ்விடத்தில் மயிரிழை போன்ற வெடிப்பு. பௌதிக நண்பர் அதனை வாளால் அறுத்துக் காட்டினார். வெடிப்பின் கீழே, தாளொன்று அடுக்கும்போதே மடிந்து கிடந்தது. குற்றம் என் கையினதோ, முன்பு அடுக்கிய கையினதோ என்பதை இனி எவராலும் பிரித்துரைக்க இயலாது. அந்த ஹான்டிலை என் மகன் மறுநாட் காலையிற் பிடித்து ஓட்டுவதாய் இருந்தது. அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை என்பதை மறைப்பானேன்?

அதன்பின் முறுக்கம் காட்டும் ஸ்பனரை வாங்கினேன். என் வண்டியில் மிக இன்றியமையாத உறுப்பு, வண்டியிற் பூட்டப்படாத அக்கருவியே. ஹான்டில், கழுத்து, இருக்கைத் தண்டு யாவும் அலுமினியமாயின. இங்ஙனம் கூறுவதால் உலோகம் முறியாது என்று எவரும் எண்ணவேண்டா. 2006ஆம் ஆண்டுப் பரி–ரூபே பந்தயத்தில் ஜோர்ஜ் ஹின்கபி ஓடுகையில் முறிந்து அவரை வீழ்த்தியது, காபன் முன்கவரின்மேல் இருந்த அலுமினியத் தண்டே. அவர் அதே பந்தயத்தில் முன்னரும் ஒருமுறை விழுந்திருந்தார். விழுந்த வண்டியை, அஃது எப்பொருளாலானதாயினும், கழற்றிப் பாராமல் ஓட்டலாகாது.

முடிவில் என் வண்டியின் நிறை 8.6 கிலோகிராம். நம் பழைய வண்டியோ ஏறத்தாழ 20. இவ்வேறுபாட்டால் வேகம் எத்துணை கூடிற்று என்று மாணவர் கேட்பர். விடை ஏமாற்றம் தருவது. சமதரையில் மணிக்கு 30 கிலோமீற்றர் செல்வோனைத் தடுக்கும் விசையில் ஐந்தில் நான்கு பங்கு வளியினது. 11 கிலோகிராம் குறைந்ததனால் உருளுந்தடை அரை நியூற்றன் அளவே குறையும். கடுகண்ணாவை போன்ற ஏற்றத்திலாயின் கதை வேறு. நூற்றுக்கு 5 சரிவிலே அதே 11 கிலோகிராம் 5 நியூற்றனுக்கு மேற்பட்ட விசையைக் கேட்கும். குடாநாட்டில் ஏற்றம் எங்கே உள்ளது? நமக்கு மலை, சோளகக் காற்றே. வைகாசி தொடங்கிப் பண்ணைப் பாலத்தைக் கடந்து வேலணைக்கும் புங்குடுதீவுக்கும் செல்லும் கடல்வழித் தெருவில் அது பக்கவாட்டில் அறையும்போது, இலேசான வண்டி ஒரு நன்மையுமன்று. அங்கே உதவுவது தாழ்ந்து வளைந்த ஹான்டிலைப் பற்றி முதுகைக் குனியும் இருப்புநிலை. அது மலிவான உருக்குப் பந்தய வண்டியிலும் கிடைக்கும். சட்டகத்தின் அளவு நம் கால்நீளத்துக்குப் பொருந்துதல் அதன் பொருளினும் முக்கியமானது.

ரயரைப் பற்றியும் ஒரு சொல். மெல்லிய ரயரை இயன்றவரை இறுக்கி அடித்தால் வேகமாம் என்பது பழைய நம்பிக்கை. கரடான தெருவில் அது வண்டியையும் ஆளையும் குலுக்கி, மிதித்த வலுவை வீணாக்கும். 28 மில்லிமீற்றர் ரயரில் சதுர அங்குலத்துக்கு 75 இறாத்தல் அளவே என் நிறைக்குப் போதுமாயிற்று. சட்டகத்தை மாற்றியதில் உணராத சுகத்தை, காற்றைக் குறைத்த அன்று உணர்ந்தேன்.

ஆண்டுதோறும் மார்கழி மழை ஓய்ந்ததும் வண்டியை முற்றாய்க் கழற்றுகின்றேன். இருக்கைத் தண்டை உருவி உப்பைத் துடைத்து, முன்கவரை வெளியே எடுத்து, அடிமுதல் நுனிவரை நாணயத்தால் தட்டி, கைவிளக்கின் ஒளியில் நோக்க அரைநாள் செல்லும். மகன் விளக்கைப் பிடிப்பான். அறுத்த ஹான்டிலின் ஒரு துண்டு இப்போது பௌதிக ஆய்வுகூட மேசையில் இருக்கின்றது. தட்டிப் பார்க்க விரும்பும் மாணவர்க்காக, பக்கத்தில் ஓர் ஐந்து ரூபா நாணயமும் வைக்கப்பட்டுள்ளது.